கதிரைக் கணக்கு

பாண்டிருப்பில் செத்த வீடென்றால்
கதிரை எங்கடதான். மருதமுனையிலும் எங்கடதான்.
முதுகில் நீலப் பெயின்றில் 'ந' இருக்கும்.
நல்லரெத்தினம் எழுதினது.
அவருக்கு வளைவு வராது,
சில கதிரையில் அது 'த' மாதிரி.

போன் வந்தால் ஆர் செத்தது என்று கேளேன்.
எத்தனை நாளைக்கு என்றுதான் கேட்பேன்.

"அசறோட தந்திருவம்" என்றால் மையித்து வீடு.
இருந்தவர் சூடு ஏற முன்னம்
அத்தர் மணக்கத் திரும்பி வந்து அடுக்கிக் கிடக்கும்.
"இன்னும் தெரியா, மகன் ரொறன்ரோவில ரிக்கற் எடுக்கிறான்"
என்றால் எங்கட ஆக்கள்.
பெட்டிக்குள் ஆள் காத்திருக்கும்,
வெளியில் கதிரை காத்திருக்கும்,
இரவிரவாய்க் கடதாசி விளையாட்டு.
ஒருமுறை ஆடின காலுக்கு
இஸ்கோப்பு ராசாவை மடித்து வைத்து அனுப்பியிருந்தார்கள்.

உகணைக்கு ஒரேயொருதரம் போனது,
ஹீன்பண்டா மாத்தயாவின் தாய்க்கு.
ஏழாம் நாள் தானம் முடிந்துதான் வந்தன,
நாலு கதிரையில் வெள்ளைக்கொடிக் கயிறு அவிழாமல்.
அவரும் அவிழ்க்கவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை.

கார்த்திகை மழை.
விடிய ஐந்துக்கு மருதமுனைப் போன்,
ஆதங்கண்டு முதலாளி மௌத்து.
அறுபதையும் ஏற்றி அனுப்பினார்.
பத்து மணிக்குத் தார்ப்பாய் மடித்துக்கொண்டு நின்றவர்
மடிப்பு முடியாமலே
நிலத்தில் இருந்துவிட்டார்.

கதிரைக்காரர் வீட்டில் கதிரை இல்லை.
பெண்களுக்கு எப்படியும் நிலம்தான்,
தோளோடு தோள் கட்டி, தலையவிழ்த்து.
ஆண்கள் மதிலோரம்
குடைக்கு இரண்டு பேராய் நின்றார்கள்.
பறை காய்ச்ச நெருப்புப் பிடிக்கவில்லை.
கட்டாடி வெள்ளை கட்ட ஏணி தேடினான்.

லுஹர் கழிந்து ஒரு லான்ட்மாஸ்டர் வந்து நின்றது.
நிப்றாஸ், ஆதங்கண்டரின் இளையவன்.
வாப்பாவுக்கு மூன்று பிடி மண் போட்ட கை,
நகத்துக்குள் அது இன்னும் ஈரமாய்.
ஒவ்வொரு கதிரையாய் இறக்கினான்,
சாரன் தலைப்பால் துடைத்தான், வைத்தான்.
"எங்கட அலுவல் முடிஞ்சி மாமி" என்றான்.
பிறகு கடைசிக் கதிரையில் தானே இருந்தான்.

சத்தம் வைத்து அழக்கூடாதென்று
அவனுக்கு அங்கே யாரும் சொல்லியிருக்கலாம்.
எங்கட ஒப்பாரிக்குள்
அவன் குலுங்கினது ஒருவருக்கும் கேட்கவில்லை.
எனக்கு எப்படிக் கேட்டதென்று தெரியாது.

முப்பத்தொன்றில் அமுது படைத்து,
முற்றம் கழுவி, எண்ணிப் பார்த்தேன்.
ஐம்பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.

கணக்குக் கொப்பியோடு மருதமுனைக்குப் போனேன்.
திரை தொங்கின அறைக்குள் றாவியத்தும்மா இருந்தாள்.
சன்னலோரம் என் கதிரை,
'ந' தான், 'த' போல.
"இரி கா" என்று அதை எனக்குத் தள்ளிவிட்டு
அவள் பாயில் இருந்தாள்.

"ஒனக்கு முடிஞ்சிட்டா?"
"முப்பத்தொன்று முடிஞ்சுது."
"எனக்கு இன்னும் தொண்ணூறு கிடக்கு."
என் நெற்றியைப் பார்த்தாள்.
"அப்ப பொட்டு எப்ப வைப்பாய்?"
"வைக்கிறதில்லை."
"ஒருநாளுமா?"
"வைக்கிற ஆக்களும் இருக்காங்க. எனக்கு இன்னும் தெரியா."

விரலை மடித்து மடித்து அவள் எண்ணினாள்,
எவளுடையது நீளம் என்று.
நாலு மாசமும் பத்தும் ஒரு கையில்.
மற்றக் கையில் எதை மடிப்பதென்று தெரியாமல்
அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.
எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும்.
அந்த வீட்டில் சிரிக்கலாமா என்று
இரண்டு பேரும் கதவைப் பார்த்தோம்.

பிளேன்ரீ வந்தது, சீனி கூடிப்போய்.
மடியிலிருந்த கொப்பியில் கோப்பையை வைத்தேன்.

இப்போது அந்தப் பக்கத்தில்
59 வந்தது.
1 என்று எழுதி விட்ட இடத்தில்
ஒரு பழுப்பு வட்டம்.